விலக்குப் பட்டியலில் ரப்பர் இருக்கிறது, பால் வெட்ட ஆள் இல்லை: ஒன்றிய வணிகத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய வணிகம், தொழில் துறை அமைச்சர் அவர்களுக்கு,

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தைத் திருத்தும் பேச்சில் உங்கள் துறை இறங்கியிருக்கிறது. 2025-க்குள் முடிப்பது என்று 2023 ஆகஸ்டில் இரு தரப்பும் கூட்டாக அறிவித்தீர்கள். டெல்லியிலும் தென்கிழக்காசியத் தலைநகரங்களிலும் சுற்றுச் சுற்றாகப் பேச்சு நடந்தது. அந்த ஒப்பந்தத்தின் நிழலில் இத்தனை ஆண்டாகப் பிழைப்பு நடத்தும் கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் விவசாயிகளிடமோ பால்வெட்டுத் தொழிலாளர்களிடமோ யாராவது வந்து கருத்துக் கேட்டதாக எனக்குத் தெரிந்து இல்லை.

நாங்களாகப் போய்க் கேட்டால் கிடைக்கிற பதில் எப்போதும் ஒன்றுதான். இயற்கை ரப்பர் ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலில், அதாவது சுங்கச் சலுகை தராத பொருள்களின் பட்டியலில் இருக்கிறது, அதனால் பாதிப்பு இல்லை என்கிறார்கள். 489 பொருள்கள் கொண்ட அந்தப் பட்டியலில் ரப்பர் இருப்பது எங்களுக்கும் தெரியும். பாதிப்பு இல்லை என்பதுதான் பொய். அதை இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

திருவட்டாறு வட்டத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. நாட்டின் இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு என்னைப் போன்ற சிறு தோட்டக்காரர்களிடமிருந்துதான் வருகிறது. எஸ்டேட் முதலாளி என்று எங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மரத்தடியில் நிற்கிறவர்கள், பாலை எடுத்து ஆசிட் விட்டு உறைய வைத்து, உருட்டி, புகைபோட்டு, ஷீட்டாகக் கொண்டுபோய் விற்கிறவர்கள் நாங்கள்.

என் தோட்டத்தில் பழைய மரங்களை முறித்துவிட்டுப் புதுக்கன்று வைத்தது 2011-ல். அந்த ஆண்டு ஏப்ரலில் ஆர்.எஸ்.எஸ். 4 என்கிற புகைபோட்ட ஷீட் ரகம் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. மறுநடவு செய்யுங்கள் என்று ரப்பர் வாரியம் மானியம் கொடுத்தது. ஊரில் கையில் கொஞ்சம் காசு வைத்திருந்த எல்லோரும் நட்டார்கள். ரப்பர் நெல்லைப் போல இல்லை. நட்டால் ஏழு வருடம் களை பறித்து, உரம் போட்டு, பட்டை சுற்றளவு தேறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இருபது, இருபத்தைந்து வருடம் பால் தரும். அதாவது இன்று நடுகிறவன் முப்பது வருடத்துக்கான முடிவை எடுக்கிறான். நீங்கள் வெளியிடுகிற ஒரு சுங்க அறிவிக்கை மறுநாளே அமலுக்கு வந்துவிடுகிறது.

2018-ல் நான் வெட்டு தொடங்கியபோது விலை 120, 130 என்று இருந்தது. அதற்கு முன் 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே போய்வந்திருந்தது. இடையில் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் என் மரங்களில் கால்வாசியைச் சாய்த்தது. அதற்கு உங்கள் ஒப்பந்தத்தைக் குறை சொல்ல மாட்டேன். விலை விழுந்ததற்குக்கூட ஒப்பந்தம் மட்டும் காரணம் என்று சொல்லவில்லை. தாய்லாந்திலும் வியட்நாமிலும் விளைச்சல் பெருகியது, சீனாவில் தேவை மந்தமானது, கச்சா எண்ணெய் விலை விழுந்து செயற்கை ரப்பர் மலிந்தது. எல்லாம் உண்மை. என் கேள்வி வேறு. உலகச் சந்தை சரியும்போது உள்நாட்டு விவசாயிக்கு ஒரு தடுப்பு வேண்டாமா? இருப்பதாக நீங்கள் சொல்கிற தடுப்பு எங்கெங்கே ஓட்டையாகியிருக்கிறது என்று பார்த்தீர்களா?

முதலில் சுங்கத்தையே எடுத்துக்கொள்வோம். காய்ந்த இயற்கை ரப்பருக்கு இறக்குமதிச் சுங்கம் 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. இறக்குமதி விலை கிலோ 120 ரூபாயைத் தாண்டினாலே 25 சதவீதம் என்பது வெறும் எழுத்து, 30 ரூபாய்தான் கணக்கு. 200 ரூபாய் ரப்பருக்கு அது 15 சதவீதம். சரி, விலை குறைந்தால்? 80 ரூபாய் ரப்பருக்கு 25 சதவீதம் 20 ரூபாய்தான். ஆக, விலை ஏறும்போது விகிதம் குறைகிறது, விழும்போது தொகை குறைகிறது. இரண்டு பக்கமும் வாங்குகிறவருக்கு வசதியாகவே இந்த விதியை எழுதியிருக்கிறார்கள். உலக வர்த்தக அமைப்பில் இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 25 சதவீதம். அந்த வரம்புக்குள் முழு 25 சதவீதத்தை வசூலிக்க எந்த வெளிநாட்டின் அனுமதியும் தேவையில்லை. 30 ரூபாய் என்கிற உச்சி நாமாக வைத்துக்கொண்டது.

அடுத்தது கலவை ரப்பர். இயற்கை ரப்பரில் கொஞ்சம் கார்பன் கருப்பையும் சில ரசாயனத்தையும் கலந்துவிட்டால், சுங்க அட்டவணையில் அது வேறு பொருளாகிவிடுகிறது. கலவை ரப்பர் இப்படிச் சுங்கத்தைத் தப்பிக்கும் வழியாக இருக்கிறது என்பது எங்கள் கற்பனை இல்லை. 2023 பட்ஜெட்டில் நிதியமைச்சரே அதைச் சொல்லித்தான் அதன் சுங்கத்தை 10 சதவீதத்திலிருந்து இயற்கை ரப்பருக்குச் சமமாக உயர்த்தினார். நல்ல முடிவு. ஆனால் அந்த உயர்வு ஆசியான் சலுகைச் சுங்கத்தில் வருகிற சரக்குக்குப் பொருந்தாது. உலகில் ரப்பர் விளைகிற முக்கிய நாடுகளான தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், மலேசியா எல்லாம் எங்கே இருக்கின்றன? எல்லாம் ஆசியானில்தான். முன்வாசலைப் பூட்டிச் சாவியை எங்களிடம் காட்டிவிட்டு, கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருக்கிறீர்கள். ரப்பர் விலக்குப் பட்டியலில் இருக்கிறது என்று இனி சொல்லும்போது, கலவை ரப்பர் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏற்றுமதிப் பொருள் செய்வதற்காகச் சுங்கமே கட்டாமல் ரப்பரைக் கொண்டுவரும் முன் அனுமதி முறை இன்னொன்று. 2015-ல் அதன் ஏற்றுமதிக் காலக்கெடுவை 18 மாதத்திலிருந்து 6 மாதமாகக் குறைத்தீர்கள். மறு ஆண்டு இறக்குமதியைச் சென்னை, நவசேவா துறைமுகங்களுக்குள் சுருக்கினீர்கள். விலை அடிமட்டத்துக்குப் போன பிறகு இதெல்லாம் நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இறக்குமதியே கூடாது என்று நான் கேட்கவில்லை. 2023-24-ல் நாட்டின் உற்பத்தி 8.57 லட்சம் டன், தேவை 14.16 லட்சம் டன். வெளியிலிருந்து வாங்காமல் முடியாது. அந்த ஆண்டு 4.92 லட்சம் டன் இறக்குமதியானது. ஆனால் இந்தப் பற்றாக்குறை எப்படி வந்தது என்ற கதையையும் கேளுங்கள். 2009-10-ல் இறக்குமதி 1.77 லட்சம் டன். 2012-13-ல் நாமே 9.13 லட்சம் டன் எடுத்தோம். மூன்றே வருடத்தில், 2015-16-ல், அது 5.62 லட்சம் டன்னாக விழுந்தது. மரங்களை யாரும் வெட்டிச் சாய்க்கவில்லை, நோய் வந்து பட்டுப்போகவும் இல்லை. மரம் நின்றது, பால் வெட்டத்தான் யாரும் போகவில்லை. கிலோ 95 ரூபாய்க்கு விற்கிற ஷீட்டுக்காக, வெட்டுக் கூலியும் ஆசிட்டும் மழைக்காலத்துக்குப் பிளாஸ்டிக்கும் போட்டால் கையிலிருந்து காசு போகும். இறக்குமதி விலையை அமுக்கியது, விலை வெட்டை நிறுத்தியது, வெட்டு நின்றதால் உற்பத்தி குறைந்தது. அப்புறம் அந்தக் குறைவையே காட்டி இன்னும் தாராளமாக இறக்குமதி வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்த வருடங்களில் குலசேகரம், அருமனை, களியல் பக்கம் வந்திருந்தால் தோட்டங்களில் பால் பிடிக்கும் சிரட்டை கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருடம் வெட்டிய அண்ணன், பாதிப் பங்குக்கு வெட்டியும் கட்டுப்படியாகாமல் கட்டட வேலைக்குப் போனார். அவருடைய மகன் வளைகுடாவில் இருக்கிறான். இப்போது விலை கொஞ்சம் தேறினாலும் அவர்கள் திரும்பி வரப்போவதில்லை. பால்வெட்டு கைப்பழக்கம். கத்தி ஒரு நூலளவு ஆழமாகப் போனால் மரம் புண்ணாகிவிடும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்தக் கை ஊரைவிட்டுப் போய்விட்டால் மானியம் கொடுத்து வரவழைக்க முடியாது. ஷீட் உருட்டிக்கொண்டிருந்த பெண்களின் வேலையும் போயிற்று. ஆள் கிடைக்காததால் பலர் ஷீட் போடுவதையே விட்டுவிட்டு, சிரட்டையில் உறைந்ததை அப்படியே ஒட்டுப்பாலாக எடைக்குப் போடுகிறார்கள். அதற்கு விலை இன்னும் குறைவு.

இந்த வேலையிழப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லிச்டென்ஸ்டைன் சேர்ந்த எஃப்டா கூட்டமைப்போடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டபோது, பதினைந்து ஆண்டில் 100 பில்லியன் டாலர் முதலீடும் 10 லட்சம் நேரடி வேலையும் வரும் என்றீர்கள். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்திட்டபோது ஆடை ஏற்றுமதிக்கு வழி திறந்தது என்றீர்கள். திருப்பூருக்கு நல்லது நடந்தால் எங்களுக்கும் மகிழ்ச்சிதான், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கேயும் வேலை பார்க்கிறார்கள். ஆனால் வரப்போகும் வேலையை இவ்வளவு துல்லியமாக எண்ணத் தெரிந்த துறைக்கு, போன வேலையை எண்ணத் தெரியாதா? 2010-லிருந்து ஆசியான் ஒப்பந்தத்தால் எந்த மாவட்டத்தில் எந்தத் தொழிலில் எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று எங்காவது ஒரு பக்கம் எழுதியிருக்கிறதா? ஆசியானோடு நம் வர்த்தகப் பற்றாக்குறை 2022-23-ல் 43 பில்லியன் டாலரைத் தாண்டியது என்று மட்டும் தெரிகிறது.

எங்கள் மலையடிவாரத்தில் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு என்று அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள் இருக்கின்றன. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காக வளர்ந்த தோட்டங்கள் அவை. அவர்களைக் கேட்காமலே அந்த ஒப்பந்தம் போடப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பால் வெட்டுகிறார்கள் அல்லது வெட்டை விட்டுப் போகிறார்கள். அவர்களையும் கேட்காமல் இன்னொரு ஒப்பந்தம் அவர்கள் விலையையும் கூலியையும் தீர்மானிக்கிறது. தலைநகரங்களில் எழுதப்படுகிற தாள்களைப் பற்றி அந்தக் குடும்பங்களுக்கு நீங்கள் புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டியதில்லை.

உங்களால் முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை என்பதற்கு இரண்டு உதாரணம். டயர் இறக்குமதியால் உள்நாட்டு ஆலைகள் பாதிக்கப்படுகின்றன என்று குரல் எழுந்ததும், 2020 ஜூனில் டயர்களைக் கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதிப் பட்டியலில் சேர்த்தீர்கள். தாய்லாந்து டயரை நிறுத்திவைக்க முடிந்தது. இரண்டாவது மிளகு. இலங்கையோடு உள்ள வர்த்தக ஒப்பந்த வழியாக மலிவு மிளகு வந்து குவிந்தபோது, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தீர்கள். எங்கள் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவிலும் மிளகுக் கொடி உண்டு என்பதால் அதன் பலன் எங்களுக்கும் தெரியும். ஆக, ஒப்பந்தம் இருக்கும்போதே கையைக் கட்டிக்கொள்ளாமல் செயல்பட முடியும். யாருடைய குரல் உங்கள் அறை வரைக்கும் வருகிறது என்பதுதான் வித்தியாசம். டயர் ஆலைகளிலும் தொழிலாளிகள்தான் வேலை செய்கிறார்கள், அவர்கள் வேலை காக்கப்பட்டதில் எனக்குப் புகார் இல்லை. அதே ஆலைக்கு ரப்பர் கொடுக்கிறவனும் தொழிலாளிதான்.

எங்கள் இடம் எது என்பதே விசித்திரமாக இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் கணக்கில் ரப்பர் வேளாண் பொருள் இல்லை, தொழில்துறைப் பொருள். அதனால் விவசாயத்துக்கு உள்ள விதிவிலக்குகள் இல்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலிலும் நாங்கள் இல்லை. வேளாண் துறையிடம் போனால், ரப்பர் வாரியம் வணிகத் துறையின் கீழ் வருகிறது என்பார்கள். எங்களைக் காக்க வேண்டிய வாரியமும் உங்கள் கையில், எங்களுக்குப் போட்டியை அழைத்துவருகிற ஒப்பந்தமும் உங்கள் கையில். அரசமைப்புச் சட்டத்தில் மாநிலப் பட்டியலின் 14-ஆவது இனம் வேளாண்மை, ஒன்றியப் பட்டியலின் 14-ஆவது இனம் அயல்நாட்டு ஒப்பந்தங்கள். இரண்டாவது 14 முதல் 14-ஐ விழுங்கிவிடுகிறது. நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்புகூட இல்லாமல், அமைச்சரவை ஒப்புதலோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. கேரள அரசு 2015-லிருந்து கிலோவுக்கு 150 ரூபாய் என்று அடிப்படை விலை வைத்து, சந்தை விலை குறைந்தால் வித்தியாசத்தைத் தந்துவருகிறது. பின்னர் அந்தத் தொகையை உயர்த்தியும் இருக்கிறது. மாநில எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அது கிடையாது. பாதிப்பு இரண்டு பக்கமும் ஒன்று, கைகொடுப்பது ஒரு பக்கம் மட்டும். இதில் தமிழ்நாடு அரசுக்கும் பொறுப்பு உண்டு, அதை அவர்களிடம் தனியாகக் கேட்போம்.

அரசியலுக்கு வருகிறேன். ஒப்பந்தம் போட்டது முந்தைய அரசு என்பீர்கள். உண்மைதான். அன்று கேரளத்தில் 2009 அக்டோபர் 2-ஆம் தேதி காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை இடது முன்னணி மனிதச் சங்கிலி அமைத்தது. பிறகு 2014-ல் ஆட்சி மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. 2019 நவம்பரில் ஆர்சிஇபி என்கிற ஆசிய-பசிபிக் வர்த்தகக் கூட்டணியில் சேரமாட்டோம் என்று பிரதமர் அறிவித்தபோது எங்கள் ஊரிலும் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும். ஆனால் ஏற்கெனவே போட்ட கையெழுத்து அப்படியே இருந்தது. 2023 மார்ச்சில் தலச்சேரி பேராயர், ரப்பருக்குக் கிலோ 300 ரூபாய் கொடுத்தால் உங்கள் கட்சிக்குக் கேரளத்தில் ஒரு எம்பி கிடைக்க வழி செய்வோம் என்று மேடையில் பேசினார். ஒரு கிலோ ரப்பருக்கு ஒரு ஓட்டு என்கிற பேரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவரை அப்படிப் பேச வைத்தது யார்? கேட்பதற்கு முறையான இடம் இல்லாதபோது ஜனங்கள் ஓட்டையும் சாதியையும் மதத்தையும் கொண்டுவந்து பேரம் பேசுவார்கள். தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சியும் ரப்பர் விலையைச் சொல்லி வாக்குக் கேட்கிறது. முடிந்ததும் விலக்குப் பட்டியல் பதில் வந்துவிடுகிறது.

2024 ஆகஸ்டில் விலை மறுபடியும் 240-ஐத் தாண்டியது. சில மாதத்தில் 200-க்குக் கீழே இறங்கியது. இந்த ஏற்றத்தைக் காட்டி, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள். வடகிழக்கு மாநிலங்களில் 2 லட்சம் ஹெக்டேரில் ரப்பர் நடும் திட்டம் 2021-ல் தொடங்கியது. இன்று அங்கே கன்று வைக்கிறவர் பால் எடுக்கும் வருடம் விலை என்னவாக இருக்கும்? 2011-ல் எங்களுக்குச் சொன்னதைத்தான் அவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே கேட்கிறேன்.

ஆசியான் ஒப்பந்தத் திருத்தத்தில் கலவை ரப்பரை இயற்கை ரப்பரோடு சேர்த்து விலக்குப் பட்டியலில் வையுங்கள். அது முடியும்வரை, 2020-ல் நீங்களே கொண்டுவந்த தோற்ற விதி சோதனையை, அதாவது சரக்கு உண்மையில் எந்த நாட்டில் உருவானது என்று பார்க்கும் சோதனையை, இந்தச் சரக்கில் துறைமுகத்திலேயே கண்டிப்பாக நடத்துங்கள். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு கலவை ரப்பர், என்ன விலையில், என்ன சுங்கத்தில் வந்தது என்பதை மாதந்தோறும் ரப்பர் வாரியத் தளத்தில், தமிழிலும் மலையாளத்திலும் போடுங்கள்.

காய்ந்த ரப்பருக்கான சுங்கத்தில் 30 ரூபாய் உச்சியை எடுத்துவிடுங்கள். முழு 25 சதவீதம் போதும். இதற்கு எந்த நாட்டோடும் பேச வேண்டியதில்லை, நிதித் துறையோடு ஒரு கடிதப் போக்குவரத்து போதும்.

இறக்குமதி ரப்பரில் வசூலாகும் சுங்கத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, விலை விழும் காலத்தில் சிறு விவசாயிக்கும் வெட்டுத் தொழிலாளிக்கும் வித்தியாசத் தொகை தர ஒரு நிதி அமையுங்கள். 2003-ல் தொடங்கிப் பத்து வருடத்தில் மூடப்பட்ட விலை நிலைப்படுத்தல் நிதியைப் போல, விவசாயியே முன்பணம் கட்டிச் சேர வேண்டிய திட்டமாக அது இருக்கக் கூடாது. ரப்பர் சட்டத்தின் 13-ஆவது பிரிவு குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 1947-லிருந்து இருக்கிற அந்தப் பிரிவைப் பயன்படுத்த என்ன தடை என்று எழுத்தில் சொல்லுங்கள்.

2010 முதல் ஆசியான் ஒப்பந்தத்தால் ரப்பர், மிளகு போன்ற தோட்டப் பயிர்களில் எத்தனை வேலை போனது என்று மாவட்டவாரியாகக் கணக்கெடுத்து, திருத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் நாடாளுமன்றத்தில் வையுங்கள். இனி எந்த ஒப்பந்தமானாலும், பயிர் சம்பந்தப்பட்ட மாநிலங்களின் கருத்தை எழுத்தில் பெற்ற பிறகே கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, உங்கள் பேச்சுவார்த்தைக் குழுவில் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரைக் குலசேகரத்துக்கு அனுப்புங்கள். மண்டபத்தை நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். காலை பதினொரு மணிக்கு மேல் கூட்டம் வையுங்கள், அதற்கு முன்னால் எல்லோரும் வெட்டிலும் பால் எடுப்பதிலும் இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு சிறு ரப்பர் விவசாயி,
திருவட்டாறு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்